எச்.ஐ.வி. பரிசோதனைக்குத் தயங்குவது ஏன்?

இலங்கையர் ஒருவருக்கு எச்.ஐ.வி. தொற்று ஏற்பட்டிருப்பது முதன்முதலாக 1987 ஆம் ஆண்டில் கண்டறியப்பட்டது. அதனைக் கட்டுப்படுத்தத்தக்க சிகிச்சை அன்று இருக்கவில்லை. இன்று சிகிச்சை உண்டு. ஆயினும் அன்றைய அச்சம் நம்மை விட்டு அகலவில்லை. அவ்வச்சமே பலரைப் பரிசோதனைக்குச் செல்லவிடாது தடுக்கின்றது.

எச்.ஐ.வி. என்பது வைரஸ். அது உடலின் நோயெதிர்ப்புச் சக்தியைச் சிதைத்த பின்னர் ஏற்படும் முற்றிய நிலையே எயிட்ஸ். பல ஆண்டுகள் அறிகுறி எதுவும் தென்படாதிருக்கலாம். எனவே, பரிசோதனை மூலமே தொற்றினை அறிய முடியும்.

பாதுகாப்பற்ற பாலுறவு, தொற்றுள்ள இரத்தம், பலர் பகிர்ந்து பயன்படுத்தும் ஊசி ஆகியவற்றினாலும், தாயிடமிருந்து குழந்தைக்கும் இது பரவுகின்றது. கைகுலுக்குவதாலோ, ஒரே சஹனில் உண்பதாலோ, நுளம்புக் கடியினாலோ பரவுவதில்லை. அவ்வாறிருந்தும், 2016 இல் வடமேல் மாகாணத்தில் வெறும் வதந்தியினால் ஒரு சிறுவனுக்குப் பாடசாலைக் கதவுகள் மூடப்பட்டன. அவனது கல்வி உரிமையை உயர் நீதிமன்றம் நிலைநாட்ட வேண்டியதாயிற்று.

அரச பாலியல் நோய்ச் சிகிச்சை நிலையங்களில் இப்பரிசோதனை இலவசமாகவும் இரகசியம் பேணியும் செய்யப்படுகின்றது. தொற்று ஏற்பட்டவுடன் பரிசோதனையில் அது தென்படாது. மூன்று மாதங்களின் பின்னர் மீண்டும் பரிசோதிப்பது அவசியம். தொற்று ஏற்பட்டிருக்கலாம் என ஐயுறுவோர் 72 மணித்தியாலங்களுக்குள் வைத்தியரை நாடினால் தடுப்பு மருந்து பெறலாம். ஆணுறையும் சிறந்த பாதுகாப்பாகும்.

தொற்றினை முற்றாக நீக்கும் மருந்து வழக்கில் இல்லை. எனினும், நாளாந்தம் உட்கொள்ளும் மாத்திரைகள் வைரஸ் பெருகுவதைத் தடுக்கின்றன. இரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்து அந்நிலை நீடிப்பின், பாலுறவு மூலம் அது பிறருக்குப் பரவாது. மருந்தை இடையில் நிறுத்துதல் ஆகாது.

தாயிடமிருந்து குழந்தைக்கு எச்.ஐ.வி. பரவுவதை இலங்கை ஒழித்துவிட்டதாக உலக சுகாதார ஸ்தாபனம் 2019 டிசம்பரில் அத்தாட்சிப்படுத்தியது. கர்ப்பிணித் தாய்மாருக்கான பரிசோதனை வழமையாக்கப்பட்டமை இதற்கு முக்கிய காரணமாகும். எல்லோருக்கும் செய்யப்படும் பரிசோதனையில் எவருக்கும் வெட்கமில்லை. ஏனையோருக்கும் இது அவ்வாறே ஆக வேண்டும்.

ஒழுக்கத்தைப் போதிக்கும் நமது சமயங்கள் நோயுற்றவரை அரவணைக்கவும் போதிக்கின்றன. கோயில்களிலும் பள்ளிவாசல்களிலும் தேவாலயங்களிலும் இவ்விரண்டும் சேர்த்தே எடுத்துரைக்கப்படுமாயின், பரிசோதனைக்கு முன்வருவோர் தொகை பெருகும் என்பது நமது நம்பிக்கையாகும்.