கேஷ்பேக்கா, விமான மைல்களா? கடன் அட்டைச் சலுகையைத் தேர்ந்தெடுக்கும் முன் போட வேண்டிய கணக்கு

திருவனந்தபுரம்: திருவனந்தபுரம் கோட்டைப் பகுதியை ஒட்டிய ஸ்ரீவராகத்திலிருந்து பன்னாட்டு விமான நிலையம் சில கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. அங்கிருந்து துபாய், அபுதாபி, மஸ்கட், தோஹா ஆகிய நகரங்களுக்கு நேரடி விமானங்கள் செல்கின்றன. வளைகுடா நாடுகளில் உறவினர் பணிபுரியும் குடும்பங்கள் நிறைந்த இந்நகரில், "செலவு செய்யுங்கள், இலவசமாகப் பறந்திடுங்கள்" என்ற வகையிலான கடன் அட்டை விளம்பரங்களுக்கு இயல்பாகவே ஈர்ப்பு அதிகம். மறுபுறம், செலவில் ஒரு பகுதியைப் பணமாகவே திருப்பித் தரும் கேஷ்பேக் அட்டைகளும் போட்டியில் உள்ளன.

இரண்டில் எது லாபம் என்பதை விளம்பரத்தில் காணும் சதவீதம் தீர்மானிப்பதில்லை. மைல்களைக் கொண்டு தேவைப்படும் நாளில், தேவைப்படும் ஊருக்கு இருக்கை பெற முடியுமா என்பதும், மாதந்தோறும் பாக்கியை முழுமையாகச் செலுத்தும் பழக்கம் உண்டா என்பதுமே தீர்மானிக்கின்றன.

சலுகைப் பணம் எங்கிருந்து வருகிறது?

கடையில் அட்டையைப் பயன்படுத்தும்போது, விற்பனைத் தொகையில் ஏறத்தாழ 1.5 முதல் 2 சதவீதம் அல்லது அதற்கும் மேல் வணிகரிடமிருந்து கட்டணமாகக் கழிக்கப்படுகிறது. அதில் பெரும் பங்கு அட்டையை வழங்கிய வங்கிக்குச் செல்கிறது. இந்த வருவாயுடன் ஆண்டுக் கட்டணமும், பாக்கி வைப்போர் செலுத்தும் வட்டியும் சேர்ந்தே சலுகைகளுக்கான நிதியாகின்றன. பாக்கி வைப்பவர் செலுத்தும் வட்டி, பாக்கி வைக்காதவரின் சலுகைக்கும் உதவுகிறது என்பதே இதன் பொருள்.

விமான மைல் முறையை அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 1981இல் தொடங்கிய பயணியர் திட்டம் பரவலாக்கியது. 1986இல் அமெரிக்காவில் சியர்ஸ் குழுமம் அறிமுகப்படுத்திய டிஸ்கவர் அட்டை, செலவில் ஒரு பகுதியைப் பணமாகத் திருப்பித் தரும் முறையை மக்களிடம் கொண்டு சேர்த்தது. இந்தியச் சந்தையில் இப்போது இரு வகைகளும் கிடைக்கின்றன.

கேஷ்பேக்: மதிப்பு தெளிவு, வரம்பு உண்டு

கேஷ்பேக்காகக் கிடைக்கும் 100 ரூபாயின் மதிப்பு எப்போதும் 100 ரூபாய்தான். இந்த எளிமையே அதன் பலம். ஆனால் அறிவிக்கப்படும் சதவீதம் எல்லாச் செலவுக்கும் பொருந்தாது. எரிபொருள், வீட்டு வாடகை, மின் மற்றும் குடிநீர்க் கட்டணங்கள், காப்பீட்டுத் தவணை, பள்ளிக் கட்டணம், நகை ஆகியவற்றில் பலவற்றுக்குப் பல அட்டைகள் சலுகை தருவதில்லை. தந்தாலும் விகிதம் குறைவு. திருமணத்துக்காகத் தங்கம் வாங்கும் குடும்பம், அந்தப் பெருஞ்செலவு சலுகைப் பட்டியலில் உள்ளதா என்பதை முன்னரே பார்த்துக்கொள்ள வேண்டும்.

உச்சவரம்பும் மாறக்கூடியது. எஸ்பிஐ கார்டு நிறுவனம் 2022இல் கேஷ்பேக் அட்டையை அறிமுகப்படுத்தியபோது, ஒரு பில் காலத்தில் அதிகபட்சம் 10,000 ரூபாய் வரை திரும்பக் கிடைத்தது. 2023 மே மாதம் அது 5,000 ரூபாயாகக் குறைக்கப்பட்டது.

ரூபே கடன் அட்டைகளை யுபிஐ உடன் இணைக்க ரிசர்வ் வங்கி 2022 ஜூனில் அனுமதி அளித்த பின், மளிகைக் கடையில் கியூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்தும் கடன் அட்டையில் செலவு செய்ய முடிகிறது. ஆனால் யுபிஐ வழிச் செலவுக்குச் சலுகை உண்டா, எவ்வளவு என்பது அட்டைக்கு அட்டை வேறுபடும்.

மைல்கள்: மதிப்பைப் பிறர் நிர்ணயிக்கின்றனர்

ஒரு மைலுக்கு நிலையான விலை இல்லை. அதைக் கண்டறியும் முறை எளிது: பயணச்சீட்டின் ரொக்க விலையிலிருந்து, மைல்களில் முன்பதிவு செய்தாலும் கையிலிருந்து செலுத்த வேண்டிய வரி மற்றும் கூடுதல் கட்டணத்தைக் கழிக்க வேண்டும், மீதித் தொகையைத் தேவைப்படும் மைல்களின் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும்.

எடுத்துக்காட்டாக, 18,000 ரூபாய் மதிப்புள்ள பயணச்சீட்டுக்கு 15,000 மைல்களும் 6,000 ரூபாய் வரியும் கேட்கப்பட்டால், 12,000 ரூபாயை 15,000ஆல் வகுக்க, ஒரு மைலின் மதிப்பு 80 காசு. அதே மைல்களைப் பரிசுப் பொருளாகவோ வவுச்சராகவோ மாற்றினால், மதிப்பு பெரும்பாலும் இதைவிடக் குறையும். நீண்ட தொலைவுப் பயணங்களில், குறிப்பாக பிசினஸ் வகுப்பில், ஒரு ரூபாயைத் தாண்டுவதும் உண்டு. மைல் அட்டைகளைப் போற்றுவோர் சுட்டுவது பெரும்பாலும் இத்தகைய பயணங்களையே.

மைல்களுக்கான இருக்கைகள் வரம்புக்குட்பட்டவை. ஓணம், பள்ளி விடுமுறை ஆகிய காலங்களில் வளைகுடா வழித்தடங்களில் கட்டணம் உயரும்போதுதான் மைல்களின் தேவையும் உச்சத்தை எட்டுகிறது. அப்போதுதான் அத்தகைய இருக்கைகள் கிடைப்பதும் அரிதாகிறது. பயண நாளை முன்பின்னாக மாற்றிக்கொள்ள இயலாதவருக்கு இது பெருங்குறை. மைல்களுக்குக் காலாவதியும் உண்டு. எமிரேட்ஸ் நிறுவனத்தின் ஸ்கைவார்ட்ஸ் மைல்கள், பொதுவாக ஈட்டிய நாளிலிருந்து மூன்று ஆண்டுகளே செல்லும்.

விதிகள் ஒரே அறிவிப்பில் மாறலாம். ஆக்சிஸ் வங்கியின் மேக்னஸ் அட்டையில் 5 புள்ளிகளுக்கு 4 மைல்கள் என்றிருந்த மாற்று விகிதம், 2023 செப்டம்பர் 1 முதல் 5 புள்ளிகளுக்கு 2 மைல்களாகக் குறைந்தது. சேர்த்து வைத்திருந்த புள்ளிகளின் பயண மதிப்பு இதனால் பாதியானது.

விமான நிறுவனத்தின் நிலையும் மைல்களைப் பாதிக்கிறது. ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரல் 17 அன்று சேவையை நிறுத்தியது. அதன் ஜெட்பிரிவிலேஜ் திட்டம் தனி நிறுவனமாக இயங்கியதால் மைல்கள் அழியவில்லை. பின்னர் இன்டர்மைல்ஸ் என்ற பெயரில் அது தொடர்ந்தது. ஆனால் ஜெட் விமானத்தில் பறப்பதற்காகச் சேர்த்தவர்களுக்கு அந்த விமானமே இல்லாமல் போனது. விஸ்தாரா 2024 நவம்பர் 12 அன்று ஏர் இந்தியாவுடன் இணைந்தபோது, பயணிகளின் புள்ளிகள் ஏர் இந்தியாவின் திட்டத்துக்கு மாற்றப்பட்டன.

ஒரு குடும்பத்தின் கணக்கு

சலுகைக்குத் தகுதியான செலவு மாதம் 40,000 ரூபாய் எனக் கொள்வோம். ஆண்டுக்கு 4.8 லட்சம் ரூபாய். சராசரியாக 1.5 சதவீதம் தரும் கேஷ்பேக் அட்டையில் 7,200 ரூபாய் கிடைக்கும். ஆண்டுக் கட்டணம் 999 ரூபாயும் அதன் மீது 18 சதவீத ஜிஎஸ்டியும் சேர்ந்த 1,179 ரூபாயைக் கழித்தால் மிஞ்சுவது 6,021 ரூபாய்.

அதே செலவுக்கு, 100 ரூபாய்க்கு 2 மைல்கள் தரும் அட்டையில் 9,600 மைல்கள் சேரும். அதன் ஆண்டுக் கட்டணம் ஜிஎஸ்டியுடன் 3,540 ரூபாய் எனில், ஒரு மைல் 50 காசு மதிப்பில் மிஞ்சுவது 1,260 ரூபாய்; ஒரு ரூபாய் மதிப்பில் 6,060 ரூபாய். அதாவது, ஒவ்வொரு மைலுக்கும் ஏறத்தாழ ஒரு ரூபாய் மதிப்பைத் தவறாமல் பெற்றால்தான் கேஷ்பேக் அட்டைக்கு ஈடாகும். கட்டணமும் விகிதமும் மாறினால் இந்தச் சமநிலைப் புள்ளியும் மாறும். விமான நிலைய ஓய்வறை அனுமதி போன்ற கூடுதல் வசதிகளை, உண்மையில் பயன்படுத்தும் அளவுக்கு மட்டுமே கணக்கில் சேர்க்க வேண்டும்.

சலுகையை விழுங்கும் வட்டி

இந்தக் கணக்குகள் அனைத்தும் பாக்கியை முழுமையாகச் செலுத்துவோருக்கே பொருந்தும். கடன் அட்டைகளில் மாதம் 3.5 முதல் 3.75 சதவீதம், அதாவது ஆண்டுக்கு 42 முதல் 45 சதவீதம் வட்டி வசூலிப்பது வழக்கத்தில் உள்ளது. 20,000 ரூபாய் பாக்கிக்கு ஒரு மாத வட்டி 750 ரூபாய். ஜிஎஸ்டியுடன் 885 ரூபாய். மேற்கண்ட குடும்பத்தின் ஒரு மாத கேஷ்பேக் 600 ரூபாய் மட்டுமே. மேலும், பாக்கி உள்ளவரை புதிதாக வாங்கும் பொருள்களுக்கும் வட்டியில்லாக் காலம் கிடைக்காது.

ஆண்டுக்கு 30 சதவீதத்துக்கு மேல் வட்டி வசூலிப்பது முறையற்ற வணிக நடைமுறை எனத் தேசிய நுகர்வோர் குறைதீர் ஆணையம் 2008இல் கூறியிருந்தது. அந்த உத்தரவை உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பர் 20 அன்று ரத்து செய்தது. எனவே பாக்கி வைக்கும் பழக்கம் உள்ளவர், சலுகையை ஒப்பிடுவதற்கு முன் கடனைத் தீர்ப்பதே உகந்தது.

யாருக்கு எது பொருந்தும்?

ஆண்டுக்கு ஓரிரு முறை, அதுவும் விடுமுறை நாள்களில், குறைந்த கட்டண விமானத்தில் செல்வோருக்குக் கேஷ்பேக் ஏற்றது. அந்தப் பணத்தில் எந்த நிறுவனத்தின் பயணச்சீட்டையும் வாங்கலாம். அடிக்கடி பறப்பவர், பயண நாளை மாற்றிக்கொள்ளக் கூடியவர், தாம் செல்லும் வழித்தடத்தில் இயங்கும் நிறுவனத்துக்குப் புள்ளிகளை மாற்ற இயன்றவர் ஆகியோருக்கு மைல் அட்டை கூடுதல் பயன் தரலாம். எனினும் மைல்களைச் சேமிப்பாகக் கருதி ஆண்டுக்கணக்கில் குவிப்பது நல்லதன்று. பயணத் திட்டம் உறுதியானபின் ஈட்டியதைச் செலவழிப்பதே பாதுகாப்பு.

வாடிக்கையாளர் உரிமைகள்

ரிசர்வ் வங்கி 2022 ஏப்ரலில் வெளியிட்ட நெறிமுறைகளின்படி, கட்டணங்களை மாற்றுவதற்குக் குறைந்தது ஒரு மாதம் முன்னரே அறிவிப்பு தர வேண்டும். பாக்கி இல்லாத நிலையில் அட்டையை மூடக் கோரினால், ஏழு வேலை நாள்களுக்குள் மூட வேண்டும். தவறினால் தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 500 ரூபாயை வங்கி வாடிக்கையாளருக்குச் செலுத்த வேண்டும். கேட்காமல் அட்டை அனுப்புவதற்கும் தடை உள்ளது. அட்டையை மூடும் முன், எஞ்சிய புள்ளிகளைப் பயன்படுத்திவிடுவது அவசியம்.

வங்கியிடம் அளித்த புகாருக்கு 30 நாள்களுக்குள் பதில் வராவிட்டாலோ, பதில் நிறைவளிக்காவிட்டாலோ, ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம். புகார் அளிக்கும் முறை குறித்த விளக்கத்தை 14448 என்ற கட்டணமில்லா எண்ணில் பெறலாம்.