இழுக்க வராத எழுத்துக்கள்

இன்னிக்குக் கொஞ்சம் இலக்கணம். ஓடிப்போயிடாதீங்க, பாட்டுக்காகத்தான்!

ஒரு சின்ன சோதனை. 'ம்ம்ம்' என்று மூச்சு இருக்கிற வரைக்கும் இழுங்க. வருதா? இப்ப 'ப்'பை இழுத்துப் பாருங்க. உதடு மூடினதும் சத்தம் நின்னுடும். 'ம்'முக்கும் உதடு மூடித்தான் இருக்கு, ஆனா காத்து மூக்கு வழியா போயிடுது. பாட்டைச் சுமப்பது உயிரெழுத்து. மெல்லினமும் இடையினமும் கூட வந்து தாங்கும். வல்லினம் அறுக்கும்.

இதை நம்மாளுங்க எப்பவோ கவனிச்சுட்டாங்க. இசையில் உயிரும் ஒற்றும் மாத்திரை தாண்டி நீளும், அது யாழ் நூல்காரர் விஷயம் என்று சொல்லி ஒதுங்கிக்கொள்கிறது தொல்காப்பியம் (நூன்மரபின் கடைசி நூற்பா). நன்னூல் பட்டியலே போடுகிறது. அளபெடுக்கும் ஒற்றுகள் ங, ஞ, ண, ந, ம, ன, வ, ய, ல, ள, ஆய்தம் என 11. வல்லினம் ஆறில் ஒன்றுகூட உள்ளே இல்லை.

நன்னூலை எழுதிய பவணந்தி முனிவர், மூன்றாம் குலோத்துங்கன் (1178–1218) காலத்துச் சீயகங்கன் கேட்டு எழுதியவர். அவருடைய சனகாபுரம் என்பது பெருந்துறை பக்கத்துச் சீனாபுரம்தான் என்று கொங்கு நாட்டில் சொல்வார்கள். (வேற ஊர் சொல்றவங்களும் உண்டு, சண்டைக்கு வராதீங்க.) திருப்பூர் பஸ் ஸ்டாண்டில் யாராவது 'ஏனுங்ங்...' என்று இழுக்கும்போது பட்டியலின் முதல் எழுத்து எனக்கு ஞாபகம் வரும் :-)

அப்போ வல்லினம் பாட்டுக்கு ஆகாதா? அவிநாசிக்கும் திருமுருகன்பூண்டிக்கும் திருப்புகழ் பாடிய அருணகிரிநாதரைக் கேளுங்க. 15ஆம் நூற்றாண்டுக்காரர். அவருடைய சந்தக்கணக்கில் 'தத்த' வேற, 'தன்ன' வேற, 'தந்த' வேற, 'தய்ய' வேற. மாத்திரை சரியா இருந்தா போதாது, எழுத்தின் இனமும் சரியா விழணும். இழுக்க வராத எழுத்துதான் அங்கே தாளம் போடுது.

ஆனா எனக்குப் பிடிச்ச சாட்சி இன்னும் பழசு. 8ஆம் நூற்றாண்டில் சுந்தரர், சேரமான் பெருமாள் கொடுத்த பொன்னோடு பூண்டி வழியா வருகிறார். வழிப்பறி. சிவனே பூதகணங்களை வேடுவராக அனுப்பினார் என்கிறது பெரியபுராணம். இவர் நேராகக் கோயிலுக்குப் போய், 'வடுக வேடுவர் ஆளைக் குத்தித் துணியைப் பறிக்கிற ஊரில் உனக்கென்ன வேலை' என்று சாமியையே கேட்கிறார். (அப்பவே நம்ம ஏரியாவில் துணிக்குத்தான் கிராக்கி!) பண் பழம்பஞ்சுரம், இன்றைக்குச் சங்கராபரணத்தில் பாடுகிறார்கள். அது பாட்டுக்கு இனிமையாத்தான் போகும். முதல் பாட்டிலேயே கு, டு, த்தி, க்கூ என்று முட்டி மோதுவது எழுத்து. மிரட்டுறவன் குரல் அந்த எழுத்துக்குள்ள இருக்கு. அர்த்தம் தெரியாதவருக்கும் பயம் புரியும்.

அதனாலதான் சில ஒலிப்பதிவுகளைக் கேட்டால் எரிச்சலா வருது. மைக்கில் 'ப' வெடிக்குமே என்று வல்லினத்தையெல்லாம் மென்று விழுங்குறாங்க. மேல் ஸ்தாயிக்குப் போனா இகரம், உகரம் எல்லாம் அகரம் பக்கமா சாய்வது வாயைத் திறக்கணுமே என்பதால். மேல்நாட்டு ஓபராவிலும் அதுதான் கதை, மன்னிச்சுடலாம். 'த்த'வை 'த'வாக்குவதற்கு அந்தச் சாக்கும் கிடையாது. பூண்டிப் பதிகத்தை ஒருமுறை அப்படிக் கேட்டேன். எல்லாம் கொழகொழன்னு ஆகி, திருடன் வரவேண்டிய இடத்தில் தாலாட்டு வந்துச்சு.