தீயால் வாழும் நாணற்காடு



திறந்தவெளியில் தீ மூட்டுதல் தவறு என்றே நாம் பிள்ளைகளுக்குக் கற்பித்து வருகிறோம். 2005 ஆகஸ்டில் புகைமூட்டத்தின் காரணமாகப் போர்ட் கிள்ளானிலும் கோல சிலாங்கூரிலும் அவசரநிலை அறிவிக்கப்பட்டதை மறக்காத நாட்டில் அது இயல்பே. ஆயினும், ஆண்டுதோறும் தீ மூட்டிக் காக்கப்படும் சதுப்புநிலம் ஒன்று ஜப்பானில் உண்டு. அதன் வரலாறு நம் வகுப்பறைக்குப் பெரிதும் பயன்படும் என்பதால் இங்கே எழுதுகிறேன்.

தோக்கியோவிலிருந்து ஏறத்தாழ 60 கிலோமீட்டர் வடக்கே, தொச்சிகி, குன்மா, சைதாமா, இபராக்கி ஆகிய நான்கு மாவட்டங்கள் கூடும் எல்லையில் வதராசே வெள்ளத்தேக்க நிலம் அமைந்துள்ளது. பரப்பளவு ஏறத்தாழ 3,300 ஹெக்டர். அதில் பாதிக்குச் சற்றுக் குறைவான பகுதி நாணற்காடு. இந்நிலம் இயற்கையின் கொடை மட்டுமன்று; ஓர் அநீதியின் விளைவும் ஆகும்.

வதராசே ஆற்றின் மேற்பகுதியில் ஆசியோ செப்புச் சுரங்கம் இருந்தது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அது பெருவளர்ச்சி கண்டது. உருக்காலைப் புகையாலும் மரவெட்டாலும் மலைகள் மொட்டையாயின. மழைநீரைத் தடுக்க மரங்கள் இல்லை. 1890, 1896 ஆண்டுகளின் பெருவெள்ளம் சுரங்க நஞ்சை வயல்களில் கொண்டுவந்து கொட்டியது. உழவர்களுக்காகக் குரல்கொடுத்த நாடாளுமன்ற உறுப்பினர் தனகா சோசோ, 1901இல் பதவி துறந்து, பேரரசர் மெய்ஜியின் வண்டியை நெருங்கி நேரே முறையிட முயன்றார்.

அரசு கண்ட தீர்வு யாது? வெள்ளத்தைத் தேக்க ஓர் ஊரையே பலியிடுவது. யனகா என்னும் சிற்றூர் 1906இல் கலைக்கப்பட்டது. 2,000க்கும் மேற்பட்டோர் இடம்பெயர்ந்தனர். வெளியேற மறுத்த 16 குடும்பங்களின் வீடுகள் 1907இல் இடிக்கப்பட்டன. தனகா அம்மக்களுடனே தங்கிப் போராடி, 1913இல் மறைந்தார். பிற்காலத்தில் அங்கு நீர்த்தேக்க ஏரி வெட்டப்பட்டபோது, ஊரின் கோயிலும் இடுகாடும் இருந்த இடத்தை அழிக்கலாகாது என்று மக்கள் எதிர்த்தனர். அவ்விடத்தை விட்டு வெட்டியதால் ஏரி இன்று இதய வடிவில் காட்சியளிக்கிறது.

ஊர் இருந்த இடத்தில் நாணல் ஓங்கி வளர்ந்தது. சுற்றுவட்டார மக்கள் அதை வெட்டி வெயில் மறைக்கும் தட்டிகளை முடைந்தனர். ஆண்டுதோறும் மார்ச் மாதத்தில், காய்ந்த நாணலுக்குத் தீ வைப்பதும் வழக்கமாயிற்று. அதனால் நாணலைத் தாக்கும் பூச்சிகள் ஒழிந்தன. கட்டுப்பாடின்றித் தீ பரவும் ஆபத்தும் குறைந்தது.

தொழிலுக்காக மூட்டிய தீ, காட்டுக்கும் உயிரூட்டியது. நாணல் ஆளுயரத்தைக் காட்டிலும் உயர்ந்து வளர்வது. காய்ந்த தண்டுகள் தேங்கினால் தரையில் ஒளி விழாது. சருகு சேர்ந்து நிலம் மேடாகும். வில்லோ மரங்கள் புகுந்துவிடும். தீ அவற்றை அகற்றியபின், கரிய தரை வசந்த வெயிலை வாங்குகிறது. புதிய நாணல் நிழல் பரப்புமுன், சிறுசெடிகள் விரைந்து முளைத்துப் பூக்கின்றன. தாச்சிசுமிரே என்னும் அரிய வயலட் செடி அவற்றுள் ஒன்று. வேர்கள் மண்ணுக்குள் இருப்பதால் நாணல் அழிவதில்லை. பறவைகள் கூடு கட்டும் காலம் தொடங்குமுன்னரே எரிப்பு முடிந்துவிடுகிறது.

2011இல் நிலநடுக்கமும் புக்குசிமா அணுவுலை விபத்தும் நேர்ந்தன. நாணலில் படிந்த கதிரியக்கப் பொருள் புகையோடு பரவுமோ என்னும் அச்சம் எழுந்தது. 2011, 2012 ஆகிய இரு ஆண்டுகளும் தீ மூட்டப்படவில்லை. தேங்கிய நாணலைக் கண்டு இயற்கை ஆர்வலர்களே கவலையுற்றனர். 2012 சூலையில் இந்நிலம் ராம்சார் உடன்படிக்கையின் பட்டியலில் இடம்பெற்றது. 2013 மார்ச்சில் எரிப்பு மீண்டும் தொடங்கியது. நாள் குறித்து, காற்றின் போக்கைப் பார்த்து, சாம்பல் விழக்கூடிய ஊர்களுக்கு முன்னறிவிப்புச் செய்து, தீயணைப்பாளர்களை நிறுத்திய பின்னரே தீ மூட்டுகின்றனர்.

இங்கு ஓர் எச்சரிக்கை தேவை. நம் வட்டாரத்தின் கரிச்சதுப்பு நிலங்களுக்கு இம்முறை பொருந்தாது. அங்கே பல்லாயிரம் ஆண்டுகளாக மட்கிச் சேர்ந்த மண்ணே எரிபொருள். நீரை வடித்துத் தீ வைத்தால் நெருப்பு நிலத்தடியில் வாரக்கணக்கில் கனன்றுகொண்டிருக்கும். வதராசேயில் எரிவது ஓராண்டு வளர்ந்த தண்டு. இங்கே எரிவதோ நிலமே. இரண்டையும் ‘சதுப்பு’ என்ற ஒரே சொல்லால் குறித்து நாம் பாடத்தை முடித்துவிடலாகாது.

‘பாதுகாக்கப்பட்ட இடம்’ என்றால் வேலியிட்டு விட்டுவிடுவது என்றே பலரும் எண்ணுகிறோம். வதராசே வேறு பாடம் சொல்கிறது. நிலத்தைப் பாதுகாப்பது என்பது அதை அறிந்தவர்கள் ஆண்டுதோறும் செய்யும் வேலை. அவ்வேலையோடு, அந்நிலத்திற்காக ஊரை இழந்தவர்களை நினைவிற்கொள்வதும் அடங்கும்.

அடுத்த முறை சதுப்புநிலப் பாடம் நடத்தும்போது மாணவர்களிடம் இரண்டு கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள்: இங்கே எரிவது எது? இங்கே முன்பு வாழ்ந்தவர் யார்?