எதிரிக்குப் பயந்து அல்ல... சொந்தப் படைக்குப் பயந்து போட்ட கோடுகள்! டி-டே விமானங்களின் கருப்பு வெள்ளைப் பட்டை ரகசியம்

போர் விமானம் என்றால் எதிரி கண்ணில் படாதபடி பச்சை, சாம்பல் எனப் பெயிண்ட் அடிப்பதுதான் வழக்கம். ஆனால் 1944 ஜூன் 6 அன்று, பிரான்ஸின் நார்மண்டி கடற்கரை மேல் பறந்த நேச நாட்டு விமானங்களில் வரிக்குதிரை போல பளிச்சென்று கருப்பு வெள்ளைப் பட்டைகள் இருந்தன. தெரிந்தே இப்படிச் செய்தது ஏன்?

சிசிலியில் நடந்த சோகம்

காரணம், அதற்கு 11 மாதங்களுக்கு முன்பு நடந்த ஒரு விபரீதம். 1943 ஜூலை 11 இரவு, இத்தாலியின் சிசிலி தீவில் இறங்குவதற்காக அமெரிக்க பாராசூட் வீரர்கள் 144 போக்குவரத்து விமானங்களில் வந்தனர். கீழே நின்ற நேச நாட்டுக் கப்பல்களை அன்று பகல் முழுக்க ஜெர்மன் விமானங்கள் தாக்கியிருந்தன. பதற்றத்தில் இருந்த வீரர்களுக்கு, இருட்டில் வருவது நம்ம ஆளா, எதிரியா என்று தெரியவில்லை.

யாரோ ஒருவர் சுடத் தொடங்க, கப்பல்களும் கரையில் இருந்த பீரங்கிகளும் சேர்ந்து வெடித்தன. 23 விமானங்கள் சுட்டு வீழ்த்தப்பட்டன. 37 விமானங்கள் சேதமடைந்தன. அத்தனையும் சொந்தப் படையின் குண்டுகளால்!

ரேடார் இருந்ததே, அது போதாதா?

நண்பனா, எதிரியா என்று ரேடியோ சமிக்ஞை மூலம் கண்டறியும் கருவி அப்போதே இருந்தது. ஆனால் நார்மண்டியில் ஒரே நேரத்தில் ஆயிரக்கணக்கான விமானங்கள் பறக்கப் போகின்றன. அத்தனை சமிக்ஞைகளும் ஒன்றாக வந்தால் குழப்பம்தான் மிஞ்சும். அதனால் கண்ணால் பார்த்தே அடையாளம் காணும் வழி தேவைப்பட்டது.

பட்டைகள் எப்படி இருந்தன?

* மூன்று வெள்ளை, இரண்டு கருப்பு என மொத்தம் 5 பட்டைகள்
* இறக்கைகளிலும், வால் பக்க உடல் பகுதியிலும்
* ஒற்றை இன்ஜின் விமானங்களில் ஒவ்வொரு பட்டையும் 18 அங்குல அகலம். இரட்டை இன்ஜின் என்றால் 24 அங்குலம்

நான்கு இன்ஜின் கொண்ட கனரக குண்டுவீச்சு விமானங்களுக்கு மட்டும் விலக்கு. அந்த வகை விமானங்கள் ஜெர்மனியிடம் மிகக் குறைவு என்பதால், குழப்பத்துக்கு வாய்ப்பு இல்லை.

கடைசி நிமிட ஓட்டம்

1944 மே மாதமே திட்டத்துக்கு ஒப்புதல் கிடைத்துவிட்டது. ஆனால் விஷயம் முன்கூட்டியே வெளியே கசிந்தால், ஜெர்மனியும் அதே கோடுகளைப் போட்டுக்கொண்டு வரலாம் அல்லவா? அதனால் பெயிண்ட் அடிக்கும் உத்தரவு, போக்குவரத்து விமானப் பிரிவுகளுக்கு ஜூன் 3 அன்றும், போர் மற்றும் குண்டுவீச்சு விமானப் பிரிவுகளுக்கு ஜூன் 4 அன்றும்தான் வந்தது.

அவ்வளவுதான், விமானத் தளங்கள் பெயிண்ட் கடையாக மாறின. பிரஷ் கிடைத்தவர்கள் பிரஷ்ஷால், கிடைக்காதவர்கள் துடைப்பத்தால் அடித்தார்கள். அன்றைய புகைப்படங்களில் பல விமானங்களின் கோடுகள் கோணல்மாணலாக இருப்பது இதனால்தான்.

பலன் கிடைத்ததா?

பட்டைகளை மட்டும் நம்பி அதிகாரிகள் சும்மா இருக்கவில்லை. அமெரிக்க பாராசூட் வீரர்களை ஏற்றிவந்த விமானங்கள், கப்பல் கூட்டத்தின் தலைக்கு மேல் வராமல் மேற்குப் பக்கமாகச் சுற்றி அனுப்பப்பட்டன. சிசிலி போன்ற ஒரு பேரிழப்பு நார்மண்டியில் மறுபடி நடக்கவில்லை.

பிறகு என்ன ஆனது?

படைகள் பிரான்ஸுக்குள் முன்னேறியதும் சிக்கல் திரும்பியது. தரையில் நிற்கும் விமானங்களை, மேலே பறக்கும் எதிரிக்கு இந்தப் பட்டைகளே காட்டிக்கொடுத்துவிடும். அதனால் சுமார் ஒரு மாதத்தில் மேல்பக்கக் கோடுகள் அழிக்கப்பட்டன. 1944 இறுதிக்குள் மற்றவையும் போயின.

ஆனால் யோசனை மறையவில்லை. 1956 சூயஸ் போரில் பிரிட்டன், பிரான்ஸ் விமானங்கள் மஞ்சள் கருப்புப் பட்டைகளோடு பறந்தன. டி-டே கோடுகளை இன்றும் அருங்காட்சியகங்களிலும் விமான சாகச நிகழ்ச்சிகளிலும் பார்க்கலாம். பார்க்க அலங்காரம் போலத் தெரிந்தாலும், கீழே நிற்கும் சொந்தப் படை வீரரிடம் ‘சுடாதே, நான் உன் ஆள்’ என்று சொல்வதற்காகப் போட்ட கோடுகள் அவை.