துடிப்பின் இரு ஓரங்கள்

மின்னணு எண்ணி நேரத்தை அளக்கப் பிறந்ததல்ல; அணுத்துகள்களை எண்ணப் பிறந்தது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரதர்ஃபோர்டின் ஆய்வகத்தில் துத்தநாக சல்பைடு திரையில் துகள் பட்டு மின்னும் புள்ளிகளை இருட்டறையில் உட்கார்ந்து, நுண்ணோக்கி வழியே கண்ணால் எண்ணினார்கள். கண் சீக்கிரமே சோர்ந்துவிடும். கைகர் குழாய் ஒவ்வொரு துகளையும் ஒரு மின்துடிப்பாக மாற்றியதும் கண்ணுக்கு ஓய்வு கிடைத்தது. ஆனால் துடிப்புகளை வாங்கிக்கொண்ட இயந்திர மீட்டரால் ஈடுகொடுக்க முடியவில்லை. சக்கரம் ஒரு பல் நகர்வதற்குள் அடுத்த துடிப்பு வந்தால் அது கணக்கில் ஏறாது.

கேம்பிரிட்ஜின் கேவண்டிஷ் ஆய்வகத்தில் வின்-வில்லியம்ஸ் 1932இல் இதற்கு வழி கண்டார். தைராட்ரான் என்னும் வாயு நிரப்பிய வால்வுகளை ஜோடி ஜோடியாக இணைத்தார். ஒரு ஜோடிக்குள் இரண்டு துடிப்பு போனால் ஒன்று வெளியே வரும். ஐந்து ஜோடிகளை அடுக்கினால் 32 துடிப்புக்கு ஒருமுறை மீட்டர் நகர்ந்தால் போதும்.

போருக்குப் பின் ஹியூலெட்-பேக்கர்ட் நிறுவனத்தில் ஆல் பேக்லி உருவாக்கிய 524ஏ எண்ணி 1951இல் வெளிவந்தது. நொடிக்கு ஒரு கோடி துடிப்புகள் வரை எண்ணும் வால்வுப் பெட்டி அது. ஒரு நொடி வாயிலைத் திறந்து வைத்து, உள்ளே வந்த அலைகளை எண்ணினால் அதிர்வெண் கிடைத்துவிடும். இதையே திருப்பிப் போட்டால் நேரம் அளக்கலாம்: வாயிலைத் துடிப்பே திறந்து மூடட்டும், உள்ளே போவது குவார்ட்ஸ் படிகத்தின் சீரான தட்டல்களாக இருக்கட்டும். துடிப்பின் ஏறுமுகத்தில் தொடங்கி இறங்குமுகத்தில் நிறுத்தினால் அதன் அகலம். ஓர் ஏற்றத்திலிருந்து அடுத்த ஏற்றம் வரை எண்ணினால் அதன் காலம்.

சிக்கல் எண்ணுவதில் இல்லை, ஓரங்களில் இருந்தது. துடிப்பு செங்குத்தாக எழுவதில்லை, சாய்ந்து ஏறுகிறது. எந்த உயரத்தில் தொடங்குவது? அகலத்துக்குப் பாதி உயரம், ஏற்ற நேரத்துக்கு 10 சதவீதத்திலிருந்து 90 சதவீதம் வரை என்று வழக்கம் ஏற்பட்டது. ஆனால் துடிப்பின் உச்சி கொஞ்சம் துள்ளினாலே அந்த 90 எங்கே என்பது கேள்வியாகிவிடும். அதனால் எண்ணி வந்த பிறகும், துடிப்பின் வடிவத்தைத் திரையில் காட்டும் அலைநோக்கி மேசையை விட்டுப் போகவில்லை.

அடுத்தது, ஒரு முழுத் தட்டலாகாத மிச்ச நேரத்தின் கணக்கு. 10 மெகாஹெர்ட்ஸ் கடிகாரத்தில் இரண்டு தட்டலுக்கு இடைவெளி 100 நானோ நொடி. 350 நானோ நொடி அகலத் துடிப்பை எண்ணி ஒருமுறை 3 என்னும், மறுமுறை 4 என்னும். ஆயிரம் முறை அளந்து சராசரி எடுத்தால் 3.5 கிடைக்கும். ஆனால் துடிப்பும் கடிகாரமும் ஒரே தாளத்தில் இணைந்திருந்தால் ஆயிரம் முறையும் ஒரே தப்பு விடைதான். அதனால் சில எண்ணிகளில் கடிகாரத்தை வேண்டுமென்றே சற்றுத் தடுமாற வைத்தார்கள். துல்லியத்துக்காகத் துல்லியத்தைக் கெடுத்த விந்தை இது.

மிச்சத்தையே பெரிதாக்கி அளப்பது இன்னொரு வழி. ஹியூலெட்-பேக்கர்டின் 1969ஆம் ஆண்டு எண்ணியான 5360ஏ அந்த மிச்ச நேரத்தில் ஒரு மின்தேக்கியை ஏற்றி, ஆயிரம் மடங்கு மெதுவாக இறக்கி, இறங்கும் நேரத்தை எண்ணியது. 100 நானோ நொடித் தட்டலிலிருந்து 0.1 நானோ நொடி வரை இறங்க முடிந்தது. 1978இல் வந்த அதே நிறுவனத்தின் 5370ஏ பள்ளி ஆய்வகத்து வெர்னியர் அளவுகோலின் தத்துவத்தையே எடுத்துக்கொண்டது. 5 நானோ நொடிக்கு ஒருமுறை தட்டும் கடிகாரத்தோடு, அதைவிட 256இல் ஒரு பங்கு நீண்டு தட்டும் இன்னொன்றைத் துடிப்பின் ஓரத்தில் தொடங்கிவிட்டார்கள். இரண்டும் எத்தனையாவது தட்டலில் ஒன்றுகூடுகின்றன என்பதே மிச்சத்தின் அளவு. படி 20 பிக்கோ நொடியாகச் சுருங்கியது. அந்த நேரத்தில் ஒளி 6 மில்லிமீட்டர்தான் போகும். அளப்பவர் இப்போது கேபிளின் நீளத்தையும் கவனிக்க வேண்டியதாயிற்று: தொடக்க வாய்க்குப் போகும் கம்பியைவிட நிறுத்த வாய்க்குப் போகும் கம்பி ஒரு சாண் கூடினாலே விடையில் ஏறத்தாழ ஒரு நானோ நொடி கூடிவிடும்.