அடைக்கலம் தந்த ஆலயம்

அடைக்கலம் என்னும் சொல் நம் இறைமக்களுக்குப் புதிதன்று. ஏலாக்குறிச்சியில் வீரமாமுனிவர் அன்னை மரியாவை அடைக்கல மாதா என்றே போற்றினார். நாமும் மன்றாட்டுகளில் அச்சொல்லை நாள்தோறும் உச்சரிக்கிறோம். ஆயினும், அடைக்கலம் தருவோர் அதற்காகக் கொடுக்க வேண்டிய விலையை நாம் எண்ணிப் பார்ப்பது அரிது.

எண்ணிக்கை நூலின் 35ஆம் அதிகாரம் ஆறு அடைக்கல நகர்களைக் குறிப்பிடுகிறது. அவை இஸ்ரயேலருக்கு மட்டுமன்று, அவர்களிடையே தங்கியிருந்த அந்நியருக்கும் உரியவை. பின்னர்க் கிறிஸ்தவ ஆலயங்கள் அவ்வுரிமையைப் பெற்றன. காலப்போக்கில் அரசுகள் அதை நீக்கின. 1917ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத்தொகுப்பில் எஞ்சியிருந்த அவ்வுரிமை, 1983ஆம் ஆண்டின் தொகுப்பில் இடம்பெறவில்லை. ஆனால் அதே 1983இல் திருப்பீடம் வெளியிட்ட குடும்ப உரிமைகள் சாசனம், புலம்பெயர்ந்த தொழிலாளர் தம் குடும்பத்தோடு விரைவில் ஒன்றுசேரும் உரிமை உடையவர் என்று அறிவித்தது. ஆலயச் சுவருக்கு இருந்த உரிமை ஏட்டிலிருந்து மறைந்த ஆண்டிலேயே குடும்பத்தின் உரிமை ஏட்டில் ஏறியது.

அமெரிக்காவில் இவ்விரண்டும் நடைமுறையில் சந்தித்தன. பேராயர் ரொமேரோ கொல்லப்பட்ட இரண்டாம் ஆண்டு நினைவு நாளான 1982 மார்ச் 24 அன்று, டூசான் நகரத்துப் பிரெஸ்பிட்டேரியன் ஆலயம் ஒன்று, எல் சால்வதோர், குவாத்தமாலா நாடுகளின் போருக்குத் தப்பி வந்தோருக்கு அடைக்கலம் தருவதாக வெளிப்படையாக அறிவித்தது. இதற்காக வழக்கைச் சந்தித்தவர்களும் தண்டனைத் தீர்ப்புப் பெற்றவர்களும் உண்டு. 1985இல் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் அருட்தந்தை லூயிஸ் ஒலிவாரெஸ் தம் வானதூதர்களின் அரசி ஆலயத்தையும் அடைக்கல ஆலயமாக அறிவித்தார்.

இம்மரபின் நிழலில் ஒதுங்கிய தாய்தான் எல்விரா அரெயானோ. மெக்சிகோவிலிருந்து உரிய அனுமதியின்றி வந்தவர். ஒருமுறை திருப்பி அனுப்பப்பட்டும் மீண்டும் நுழைந்தவர். சிகாகோ விமான நிலையத்தில் விமானங்களைத் துப்புரவு செய்து தம் மகனை வளர்த்தார். மகனோ அமெரிக்காவிலேயே பிறந்த குடிமகன். 2002இல், போலியான சமூகப் பாதுகாப்பு எண்ணைப் பயன்படுத்தியதற்காகத் தாய் கைதானார். 2006 ஆகஸ்டு 15, அன்னையின் விண்ணேற்புப் பெருவிழா நாளில், அவர் நாடு கடத்தப்படுவதற்காக அதிகாரிகள்முன் நேர்வர வேண்டும் என்பது ஆணை. அவரோ தம் ஏழு வயது மகனுடன் அடால்பெர்ட்டோ மெதடிஸ்ட் ஆலயத்துக்குள் புகுந்தார். ஏறத்தாழ ஓராண்டு அங்கேயே தங்கினார்.

சட்டத்தை மீறியவரை ஆலயம் காப்பது முறையோ என்னும் வினா எழுந்தது. எளிதில் தள்ளக்கூடிய வினாவன்று அது. எனினும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அவ்வாலயம் அவரை ஒளித்துவைக்கவில்லை. இங்கே இருக்கிறார் என்று ஊரறியச் சொன்னது. ஆலயம் என்பதற்காக மட்டும் அரசு நுழைவதைத் தடுக்கும் சட்டம் ஏதுமில்லை. ஆயினும் அதிகாரிகள் நுழையவில்லை. அவரைக் காத்தது கற்சுவர் அன்று. அவரைச் சூழ்ந்து நின்ற மக்களின் சான்று.

2007 ஆகஸ்டில், தம்மைப் போன்ற பிற குடும்பங்களுக்காகப் பேச அவர் ஆலயத்தைவிட்டு வெளியே வந்தார். ஆகஸ்டு 19 அன்று, ஒலிவாரெஸ் அடிகளார் பணியாற்றிய அதே ஆலயத்தில் பேசிவிட்டு வெளியேறியபோது கைது செய்யப்பட்டு, மெக்சிகோவுக்கு அனுப்பப்பட்டார். மகன் பின்னர்த் தாயிடம் சென்றான். 2014இல் அவர் எல்லைக்கு வந்து முறைப்படி புகலிடம் கோரி, மீண்டும் சிகாகோ சேர்ந்தார்.

வழிபாட்டிடங்களில் குடியேற்றக் கைதுகளைத் தவிர்க்கும் கொள்கையை 2011இல் அந்நாட்டு அரசு எழுத்தில் தந்தது; 2025 சனவரியில் அதை நீக்கிவிட்டது. ஆக, எழுத்தில் வந்த பாதுகாப்பு எழுத்திலேயே போகக்கூடியது. அது போனபின் எஞ்சுவது, ஒரு தாயையும் பிள்ளையையும் பிரிக்கவிடோம் என்று அருகில் நிற்கும் மனிதர் மட்டுமே. அடைக்கல மாதாவின் பிள்ளைகள் என்று சொல்லிக்கொள்ளும் நாம், வேலை தேடி நம் ஊர்வந்து நிற்கும் அயலார் குடும்பத்துக்கு யாராக இருக்கிறோம்?