கலெக்டர் துரைக்கு மைக்கு கொடுத்த பாரதி

வசை பாடுறதுன்னா நம்மாளுங்களுக்கு முதல்ல காளமேகம் ஞாபகம்தான் வரும். அயர்லாந்துலயும் இதே கதை இருக்கு. ப்ரெஸ்னு ஒரு கஞ்ச ராஜா, வந்த கவிஞருக்கு ஒழுங்கா சோறு போடலையாம். அவர் விட்ட வசைப்பாட்டுல ராஜா பதவிக்கே ஆட்டம் கண்டுடுச்சாம். அது புராணம். நான் சொல்ல வந்தது 1908ல நெசமா நடந்தது.

திருநெல்வேலி கலெக்டர் விஞ்ச், வ.உ.சி.யையும் சுப்பிரமணிய சிவாவையும் கூப்பிட்டு அரசியலை விட்டுட்டு ஜில்லாவை விட்டுக் கிளம்புங்கன்னார். ரெண்டு பேரும் முடியாதுன்னாங்க. மார்ச் 12ல கைது, மறுநாள் நெல்லையே பத்திக்கிச்சு. ஜூலை 7ல ஜட்ஜ் பின்ஹே தீர்ப்பு: வ.உ.சி.க்கு நாப்பது வருஷம், சிவாவுக்கு பத்து. (சிவா பொறந்தது வத்தலக்குண்டு. எங்க காந்திகிராமத்துக்குப் பக்கம்தான், அதனால கொஞ்சம் பெருமை உண்டு :-))

இந்த விஞ்ச் துரை மேலதான் பாரதி பாட்டு எழுதினார். அதுல பாரதி துரையை ஒரு வார்த்தை திட்டல. துரையையே பேச விட்டுட்டார். ஊர்ல சுதந்திர ஆசையைக் கிளப்பினே, கப்பல் விட்டே, கூட்டம் கூட்டினேன்னு துரை வரிசையா குத்தம் சொல்லிக்கிட்டே போறார். கேக்கறவனுக்கு அது வ.உ.சி.க்கு நடக்கற பாராட்டு விழா மாதிரி இருக்கு! குத்தப்பத்திரிகையே வாழ்த்துப்பா. அப்புறம் வ.உ.சி. பதில் சொல்ற மாதிரி இன்னொரு பாட்டு.

இன்னொண்ணும் சொல்லிடணும். பாரதி கோகலேவையும் விடல. மார்லியோட சீர்திருத்தத்தை அவர் நம்பினதுக்காக, வள்ளலார் பாட்டு ஒண்ணைத் திரிச்சு 'கோக்கலே சாமியார் பாடல்'னு கிண்டல். காந்தி தன்னோட அரசியல் குருன்னு சொன்ன ஆளு அவர்! காந்தி பேர்ல இருக்கற ஊர்க்காரனுக்கு இதைப் படிக்க லேசா உறுத்தத்தான் செய்யுது. என்னைக் கேட்டா விஞ்ச் பாட்டோட உயரம் இதுக்கு வராது. அங்க எதிர்ல நிக்கறவன் கையில ஜெயில் சாவி இருந்தது. இங்க இருந்தவர்கிட்ட வெறும் நம்பிக்கைதான்.

1908 ஆகஸ்ட்ல, 'இந்தியா' பத்திரிகையில ஆசிரியர்னு பேர் இருந்த சீனிவாசனைத்தான் கட்டுரைகளுக்காகப் பிடிச்சாங்க, அஞ்சு வருஷம் தண்டனை. பாரதி புதுச்சேரி போய்ட்டார். எழுதினவர் தப்பிச்சார், பேர் போட்டவர் மாட்டினார். இது எனக்கு இன்னும் செரிக்கல.

வ.உ.சி. மேல பாஞ்ச அதே 124ஏ, 1922ல காந்தி மேலயும் பாஞ்சது. 2015 அக்டோபர் கடைசியில திருச்சியில கோவன் மேலயும். டாஸ்மாக்கையும் அன்னிக்கு முதல்வரா இருந்த ஜெயலலிதாவையும் கேலி பண்ணி பாடினதுக்கு, விடியறதுக்குள்ள வீட்டுக்கே வந்து தூக்கிட்டாங்க. நவம்பர்லயே ஜாமீன். ஆனா அந்தக் கைதுக்கு அப்புறம்தான் பாட்டு ஊர் ஊரா பரவுச்சு. 2022 மே மாசம் சுப்ரீம் கோர்ட் 124ஏவை நிறுத்தி வச்சுது. 2024 ஜூலையில புதுச் சட்டம் வந்தப்ப நம்பர் 152 ஆச்சு. தேசத்துரோகம்ங்கற பேரை எடுத்துட்டாங்க, தண்டனை இன்னும் ஆயுள் வரைக்கும் இருக்கு.

இந்த மாதிரி வேற கேலிப்பாட்டு, அதுக்காக ஜெயிலுக்குப் போனவங்க கதை தெரிஞ்சவங்க எழுதுங்களேன்.